முகம் பார்த்த தேர்தலும் ஆம்பூருக்கு வந்த வரியும்

2024 அமெரிக்க அதிபர் தேர்தலை ஒட்டி நம் தமிழ்ச் சேனல்களில் திரும்பத் திரும்ப ஓடிய காட்சிகள் சில உண்டு. பென்சில்வேனியாவில் ஒரு மெக்டொனால்ட்ஸ் கடையில் ஏப்ரன் கட்டிக்கொண்டு உருளைக்கிழங்கு வறுவலை அள்ளிக் கொடுத்தார் டொனால்டு டிரம்ப். பத்து நாள் கழித்து விஸ்கான்சினில் குப்பை லாரியில் ஏறி உட்கார்ந்தார். இந்தப் பக்கம், திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தில் கமலா ஹாரிஸ் ஜெயிக்க வேண்டும் என்று கோயிலில் சிறப்புப் பூஜை நடந்தது. அது அவருடைய தாய்வழித் தாத்தாவின் பூர்வீக ஊர். அதனால் நமக்கும் அந்தத் தேர்தலில் ஒரு ஒட்டுதல் வந்துவிட்டது. வேலூரிலும் டீக்கடையில் அமெரிக்கத் தேர்தல் பேசினார்கள். பேச்சு முழுக்க ஆளைப் பற்றித்தான்: யார் தைரியசாலி, யார் சிரிப்பு செயற்கை, யாருக்கு வயதாகிவிட்டது.

அதே அக்டோபரில் டிரம்ப் இன்னொன்றும் பேசிக்கொண்டிருந்தார். வெளிநாட்டுச் சரக்கு எதுவாக இருந்தாலும் 10 முதல் 20 சதவீதம் இறக்குமதி வரி, சீனச் சரக்கு என்றால் 60 சதவீதம். டெட்ராய்ட்டில் பேசும்போது இந்தியாவின் பெயரையே சொல்லி, மற்ற நாடுகளின் பொருள்களுக்கு அதிக வரி போடும் நாடு என்றார். சிகாகோவில் தொழிலதிபர்கள் கூட்டத்தில், அகராதியிலேயே அழகான சொல் இறக்குமதி வரி என்றார். ஒளித்து மறைத்து எதுவும் இல்லை. எல்லாம் மைக் முன்னால் சொன்னவை.

2025 ஆகஸ்ட் 7 அன்று இந்தியப் பொருள்களுக்கு 25 சதவீதக் கூடுதல் வரி அமலுக்கு வந்தது. ஆகஸ்ட் 27 அன்று இன்னொரு 25 சேர்ந்து 50 ஆனது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று பழைய வட ஆற்காடு முழுக்கப் பரவிக்கிடக்கும் தோல் தொழிலுக்கு இது சாதாரண அடியாக இருக்கவில்லை. காலையில் ஆம்பூர் பக்கம் நெடுஞ்சாலையில் நின்று பார்த்தால் தெரியும். மாதனூர், பேர்ணாம்பட்டு பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு ஷூ கம்பெனி பஸ்கள் வரிசையாக வரும். அவர்கள் தைக்கும் அப்பரும் (ஷூவின் மேல்பகுதி) முழு ஷூவும் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகின்றன. வரி ஏறினால் அமெரிக்காவில் வாங்குகிறவர் முதலில் விலையைக் குறைக்கச் சொல்வார், இல்லாவிட்டால் ஆர்டரைத் தள்ளிப்போடுவார், அதுவும் முடியாவிட்டால் வரி குறைவாக உள்ள நாட்டுக்குப் போவார். மூன்றில் எது நடந்தாலும் கடைசியில் அந்தப் பஸ்ஸில் வருகிறவர்களின் வேலை நாள்தான் குறையும்.

ஆக, தேர்தல் காலத்தில் நாம் நம்ப வேண்டியதை விட்டுவிட்டு, நம்பக் கூடாததை நம்புகிறோம் என்பது என் எண்ணம். திரையில் பார்த்த முகத்தை வைத்து ஆளின் குணத்தை முடிவு கட்டுகிறோம். வாய்விட்டுச் சொன்ன திட்டத்தை 'மேடைப் பேச்சுதானே' என்று தள்ளிவிடுகிறோம். அமெரிக்கத் தேர்தல் வரலாற்றைப் புரட்டினால் முகத்தை வைத்துப் போட்ட கணக்குகள் அடிக்கடி பொய்த்திருக்கின்றன. சொன்ன வாக்குறுதிகளோ நாம் நினைப்பதைவிட அதிகமாகவே நிறைவேறியிருக்கின்றன. அதிபர்களின் வாக்குறுதிகளை வரிசையாகச் சரிபார்த்த அரசியல் ஆய்வாளர்கள், அவற்றில் பெரும்பாலானவற்றை நிறைவேற்ற அவர்கள் உண்மையாகவே முயன்றிருக்கிறார்கள் என்றுதான் சொல்கிறார்கள்.

அப்படியானால் அந்த நாட்டுத் தேர்தலில் பிம்பத்துக்கு ஏன் இவ்வளவு இடம்? அதற்கு அந்த அமைப்பே ஒரு காரணம். நம் ஊரில் பிரதமரோ முதல்வரோ கட்சி வழியாக வருகிறார், மக்களவையிலோ சட்டமன்றத்திலோ பெரும்பான்மை போனால் பதவியும் போகும். அமெரிக்க அதிபர் நான்கு ஆண்டுகளுக்குத் தனியாளாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார். 50 மாநிலங்களும் ஒரே ஒரு ஆளைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய காரணம் உட்கட்சித் தேர்தல். 1968 வரை வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதில் கட்சிப் பெருந்தலைகளின் கைதான் ஓங்கியிருந்தது. அந்த ஆண்டு சிகாகோவில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாடு பெரும் கலவரத்தில் முடிந்தது. அதற்கப்புறம் விதிகளை மாற்றினார்கள். 1972 முதல் மாநிலம் மாநிலமாகச் சாதாரண வாக்காளர்களே கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முறை வலுத்தது. ஜனநாயகத்துக்கு இது நல்லதுதான். ஆனால் ஒரே கட்சிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் போட்டியிடும்போது அவர்களுக்குள் கொள்கை வேறுபாடு எவ்வளவு இருந்துவிடும்? எல்லோரும் ஏறத்தாழ ஒரே திட்டத்தைத்தான் சொல்வார்கள். அப்போது வாக்காளருக்குப் பிரித்துப் பார்க்க மிஞ்சுவது ஆள்தான். அவர் பேச்சு, தோரணை, குடும்பம், கடந்த காலம், இவ்வளவுதான். பொதுத்தேர்தல் வருவதற்குள் ஓராண்டுக்கு மேல் நாடே முகம் பார்த்துப் பழகியிருக்கும்.

இதற்கு நேர் எதிரான முறை நம் நாட்டுக் குடியரசுத் தலைவர் தேர்தல். எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் ஓட்டுப் போடுகிறார்கள். மக்களிடம் முகம் காட்டி ஓட்டுக் கேட்க வேண்டிய தேவையே இல்லை. 1962இல் குடியரசுத் தலைவரான சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் நம் பக்கத்துக்காரர். அவர் பிறந்த 1888இல் திருத்தணி வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. சென்னை கிறித்தவக் கல்லூரிக்குப் போவதற்கு முன் வேலூரில் ஊரீஸ் காலேஜில் படித்தவர் அவர். தத்துவப் பேராசிரியராக இருந்தவர், ஊர் ஊராகக் கூட்டம் போடாமல் அந்தப் பதவிக்கு வந்தார். அவர் அமெரிக்காவில் பிறந்து அதிபர் தேர்தலில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் இரண்டு முறைகளுக்கும் உள்ள தூரம் புரியும். ஆனால் நம் குடியரசுத் தலைவரிடம் ஆட்சி அதிகாரம் இல்லை, அவர்களுடைய அதிபரிடம் அது இருக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பிம்ப அரசியலைக் கொண்டுவந்தது தொலைக்காட்சி என்று பொதுவாகச் சொல்வார்கள். அது சரியில்லை. 1840 தேர்தலில் வில்லியம் ஹென்றி ஹாரிசனை மரக்கட்டைக் குடிசையில் வாழும் எளிய மனிதர் என்று காட்டி ஜெயிக்கவைத்தார்கள். ஊர்வலங்களில் குடிசை மாதிரிகளை இழுத்துக்கொண்டு போனார்கள். உண்மையில் அவர் வர்ஜீனியாவில் பெரிய பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். சினிமாவும் இல்லை, வானொலியும் இல்லை, பாட்டும் ஊர்வலமும் மட்டும் போதுமானதாக இருந்தது. அவர் பதவியேற்ற ஒரே மாதத்தில் இறந்துபோனதால், அந்தக் குடிசைக்காரர் எப்படி ஆண்டிருப்பார் என்று பார்க்கும் வாய்ப்பே யாருக்கும் கிடைக்கவில்லை.

தொலைக்காட்சி செய்தது என்னவென்றால், முகத்தை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தது. 1960 செப்டம்பர் 26 இரவு இதற்கு எப்போதும் சொல்லப்படும் உதாரணம். நிதானமாகப் பார்க்க வேண்டிய உதாரணமும்கூட. சிகாகோவில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் ஜான் கென்னடியும் ரிச்சர்ட் நிக்சனும் நேருக்கு நேர் விவாதித்தார்கள். அதிபர் வேட்பாளர்கள் தொலைக்காட்சியில் மோதியது அதுதான் முதல்முறை. சுமார் 7 கோடிப் பேர் பார்த்தார்கள். நிக்சன் ஆகஸ்டில் கார் கதவில் முழங்காலை இடித்துக்கொண்டு, அது சீழ்பிடித்து, இரண்டு வாரம் போல ஆஸ்பத்திரியில் கிடந்தவர். உடல் இளைத்திருந்தது, சட்டைக் காலர் தொளதொளவென்று நின்றது. அன்று நிலையத்துக்கு வந்து இறங்கும்போது அதே முழங்காலை மறுபடியும் இடித்துக்கொண்டார். முறையான ஒப்பனை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தாடி நிழலை மறைக்க ஏதோ ஒரு பவுடரை மட்டும் பூசிக்கொண்டார். விளக்கு வெப்பத்தில் வியர்த்தது. அவர் போட்டிருந்தது சாம்பல் நிறக் கோட்டு, பின்னால் இருந்த திரையும் சாம்பல் நிறம். கறுப்பு வெள்ளைத் திரையில் ஆளே பின்புலத்தில் கரைந்து தெரிந்தார். கென்னடி கருநிறக் கோட்டில், வெயில் பட்டு மெருகேறிய முகத்தோடு, கேமராவைப் பார்த்துப் பேசினார்.

கடைசியில் கென்னடி ஜெயித்தது 6.8 கோடிக்கும் மேற்பட்ட வாக்குகளில் ஏறத்தாழ 1,13,000 வாக்கு வித்தியாசத்தில். இவ்வளவு குறுகிய வித்தியாசத்தில் எந்தக் காரணத்தைக் காட்டினாலும் அது தீர்மானித்ததாகத்தான் தோன்றும். வானொலியில் கேட்டவர்கள் நிக்சன் ஜெயித்தார் என்றார்கள், பார்த்தவர்கள் கென்னடி என்றார்கள் என்று ஒரு செய்தி அறுபது ஆண்டுகளாகப் பாடப்புத்தகம் வரை போய்விட்டது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் கருத்துக்கணிப்பில் வானொலி கேட்டவர்களின் எண்ணிக்கை மிகக் குறைவு. அந்தக் காலத்தில் வானொலியை மட்டும் நம்பியிருந்தவர்களில் கிராமத்துக்காரர்கள் அதிகம், அவர்களில் பலர் முதலிலேயே நிக்சன் பக்கம் சாய்ந்தவர்களாக இருந்திருக்கலாம் என்றும் ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள்.

எனக்கு அந்தத் தேர்தலில் உறுத்துவது வியர்வை விஷயம் இல்லை. ஏவுகணை விஷயம். சோவியத் ரஷ்யாவைவிட அமெரிக்கா ஏவுகணை எண்ணிக்கையில் பின்தங்கிவிட்டது என்று கென்னடி தரப்பு பிரசாரம் முழுக்கச் சொல்லிவந்தது. அந்தப் பயம் நாடு முழுக்கப் பரவியிருந்தது. கென்னடி பதவியேற்ற சில வாரங்களில், 1961 பிப்ரவரியில், அவருடைய பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் மெக்நமாராவே நிருபர்களிடம் அப்படி ஒரு பின்தங்கல் இல்லை என்று சொல்லிவிட்டார். உண்மையில் அமெரிக்காதான் முன்னால் இருந்தது. அணு ஆயுதப் போர் வருமா வராதா என்ற காலத்தில் இதைவிடப் பெரிய விஷயம் என்ன இருக்க முடியும்? ஆனால் 1960 தேர்தல் என்றதும் இன்றைக்கும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது நிக்சனின் தாடி நிழல்தான்.

முகத்தின் வேகம் எவ்வளவு என்று பின்னால் அளந்தே பார்த்தார்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் தொதொரோவ் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வு அது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் தேர்தலில் எதிரெதிரே நின்ற இரண்டு வேட்பாளர்களின் படங்களை, அவர்கள் யாரென்று தெரியாதவர்களிடம் ஒரு நொடி காட்டி, யார் திறமைசாலியாகத் தெரிகிறார் என்று கேட்டார்கள். அவர்கள் காட்டிய முகம் ஏறத்தாழ 70 சதவீத இடங்களில் உண்மையாகவே ஜெயித்தவரின் முகமாக இருந்தது. கட்சி தெரியாது, கொள்கை தெரியாது, பெயர்கூடத் தெரியாது.

பேச்சும் சுருங்கிக்கொண்டே வந்தது. 1968இல் அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்திகளில் வேட்பாளர் ஒருவர் தன் குரலில் இடைவெட்டு இல்லாமல் பேசியது சராசரியாக 43 நொடி. 1988இல் அது 9 நொடி. இறக்குமதி வரி போட்டால் உள்நாட்டுக் கடைக்காரர் தலையில் விலை எப்படி ஏறும் என்பதை 9 நொடியில் யாராலும் விளக்க முடியாது. கையை ஆட்டிச் சிரிக்க 9 நொடி தாராளம்.

சரி, பிம்பம் எல்லாமே ஏமாற்றா? அப்படிச் சொல்லிவிட்டுப் போவது சுலபம், ஆனால் வாக்காளரை முட்டாளாக நினைப்பதாகிவிடும். 1976இல் அப்போதைய அதிபர் ஜெரால்டு ஃபோர்டு ஓட்டுக் கேட்டுப் போன இடத்தில், டெக்சாஸ் மாநிலம் சான் அந்தோனியோவில் மெக்சிகோ வழி மக்களின் உணவான தமாலேயை வாங்கி, மேலே சுற்றியிருந்த சோளத் தோலை உரிக்காமல் அப்படியே கடித்தார். நம் ஊருக்கு வந்து வாழை இலையோடு சேர்த்துக் கொழுக்கட்டையைக் கடித்தது மாதிரி. சாமுவேல் பாப்கின் என்ற அரசியல் ஆய்வாளர் இதை ஒரு முக்கியமான உதாரணமாக எடுத்துக்கொள்கிறார். வேலை, குடும்பம் என்று ஓடுகிற சாதாரண ஆளுக்கு நூறு பக்கக் கொள்கை அறிக்கையைப் படிக்க நேரம் கிடையாது. இந்த மனிதருக்கு எங்கள் வாழ்க்கை தெரியுமா என்பதை அறிய அவர் சின்னச் சின்ன அடையாளங்களைப் பார்க்கிறார், அது நியாயமான குறுக்குவழிதான் என்கிறார் பாப்கின். இதில் உண்மை இருக்கிறது. நம் ஊரிலும் யார் ஓட்டுக் கேட்டு வந்தாலும் 'ஆளு எப்படி?' என்றுதான் முதலில் விசாரிக்கிறோம், அதில் தப்பில்லை.

ஆனால் அந்தக் குறுக்குவழி தப்பான இடத்துக்கும் கொண்டுபோய் விடும். 1988இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக நின்ற மைக்கேல் டுகாகிஸ் உண்மையாகவே அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து கொரியாவில் பணி செய்தவர். அந்த ஆண்டு செப்டம்பரில் மிச்சிகனில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு டாங்கில் வலம்வந்த படம் அவரை விளையாட்டுப் பிள்ளையாகக் காட்டியது, எதிர்த் தரப்பு அதையே விளம்பரமாக்கியது. இன்னொரு பக்கம், 1933 முதல் 1945 வரை அதிபராக இருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். போலியோவால் கால் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் இருக்கும் படங்கள் வெளிவராமல் அவரது தரப்பு கவனமாகப் பார்த்துக்கொண்டது, பத்திரிகைகளும் ஒத்துழைத்தன. நடக்கக்கூடியவர் என்ற அந்தப் பிம்பம் பொய். 1935இல் அவர் கொண்டுவந்த முதியோர் ஓய்வூதியச் சட்டம் நிஜம், இன்றுவரை கோடிக்கணக்கானோருக்குச் சோறு போடுகிறது.

இதே இரண்டும் நம் மண்ணில் எப்படிக் கலந்து ஓடின என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். 1967 தேர்தல் என்றதும் கழுத்தில் கட்டோடு எம்.ஜி.ஆர். இருக்கும் சுவரொட்டிதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஜனவரி 12 அன்று சுடப்பட்டவர், ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே பரங்கிமலையில் ஜெயித்தார். ஆனால் அன்றைக்கு ஊரில் அரிசித் தட்டுப்பாடு. 1965 மொழிப் போராட்டத்தின் ரணமும் ஆறவில்லை. 'ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்று தி.மு.க. சொன்னதை மக்கள் அரிசிப் பானையைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டார்கள். சுவரொட்டி மட்டும் தனியாக ஆட்சியை மாற்றவில்லை.

அதற்கும் முன்னால், 1954. காமராஜர் சட்டமன்ற உறுப்பினராக இல்லாமலே முதல்வராகிவிட்டு, இடைத்தேர்தலில் நின்றது நம் குடியாத்தத்தில். கதர்ச் சட்டை, நாலு வார்த்தைப் பேச்சு என்று அவருக்கும் ஒரு தோற்றம் உண்டு. ஆனால் அந்தத் தேர்தலின் பின்னால் இருந்தது பள்ளிக்கூடம். ராஜாஜி கொண்டுவந்த, எதிர்ப்பாளர்கள் குலக்கல்வி என்று அழைத்த அரைநாள் கல்வித் திட்டத்தைக் காமராஜர் கைவிட்டார். பெரியாரும் அண்ணாவும் காங்கிரஸை எதிர்த்தவர்கள், அவர்களே குடியாத்தத்தில் காமராஜரை ஆதரித்தார்கள். 1956இல் மதிய உணவுத் திட்டம் வந்தது. அவருடைய எளிமையை இன்றைக்கும் ஊரே நம்புகிறது என்றால், அந்தத் தோற்றத்தின் பின்னால் ஊருக்கு ஊர் ஒரு பள்ளிக்கூடம் நிற்பதால்தான்.

அமெரிக்காவிலும் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் பொருளாதாரம் முகத்தை முந்திவிடுகிறது. 1984இல் ரொனால்டு ரீகன் 50 மாநிலங்களில் 49ஐப் பிடித்ததற்கு அவர் நடிகராக இருந்ததும், விவாதத்தில் தன் 73 வயதை வைத்து அடித்த நகைச்சுவையும் காரணம் என்பார்கள். அந்த ஆண்டு அமெரிக்கப் பொருளாதாரம் 7 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. இதே ரீகன் 1980 விவாதத்தில் மக்களைப் பார்த்து, நான்கு ஆண்டுகளுக்கு முன் இருந்ததைவிட இப்போது நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்டபோது, அது முகத்தைப் பற்றிய கேள்வியாக இல்லை, சட்டைப்பையைப் பற்றியதாக இருந்தது. அமெரிக்காவில் நெருக்கமான தேர்தல்களில் பிம்பம் கடைசித் தள்ளு தள்ளும். அதற்குமேல் அதன் பலத்தைப் பெரிதாக்கிச் சொல்வதில் தேர்தல் விளம்பரக்காரர்களுக்குத்தான் லாபம்.

வாக்குறுதியை நம்பலாம் என்றேன். எல்லாவற்றையும் ஒரே மாதிரி நம்ப முடியாது, அதைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. சொன்னதை அதிபர் தன் கையெழுத்திலேயே செய்ய முடியுமா, நாடாளுமன்றம் வேண்டுமா? ஜார்ஜ் புஷ் 1988இல் புதிய வரி கிடையாது என்று அடித்துச் சொன்னார், எதிர்க்கட்சி கையில் இருந்த நாடாளுமன்றத்தோடு பட்ஜெட் பேரம் பேசி 1990இல் வரியை ஏற்றினார். பராக் ஒபாமா, பயங்கரவாதச் சந்தேகத்தில் பிடித்தவர்களை அமெரிக்கா அடைத்து வைத்திருந்த குவாண்டனாமோ சிறையை மூடுவேன் என்றார், பதவியேற்ற மூன்றாம் நாளே ஆணையில் கையெழுத்திட்டார். நாடாளுமன்றம் அதற்குப் பணத்தைத் தடுத்ததால் சிறை மூடப்படவில்லை. இறக்குமதி வரி அப்படியில்லை. அரசியலமைப்புப்படி அது நாடாளுமன்றத்தின் அதிகாரம் என்றாலும், பல சட்டங்கள் வழியாக அதில் பெரும் பகுதி அதிபர் மேசைக்கு வந்துவிட்டது. அது எதுவரை செல்லும் என்று நீதிமன்றத்தில் வழக்கு நடந்தாலும், வரி முதலில் அமலுக்கு வந்துவிடுகிறது. 2019 ஜூனில் இந்தியப் பொருள்களுக்கு இருந்த வரிச்சலுகையை டிரம்ப் தன் முதல் ஆட்சியில் ரத்து செய்ததும் இப்படித்தான். 2025இல் வந்த 50 சதவீதத்தில் பின்பாதி ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்காக என்று சொல்லப்பட்டது, அது பிரசாரத்தில் இல்லாத விஷயம். முன்பாதி அவர் மேடைக்கு மேடை சொன்ன வழியிலேயே வந்தது.

காட்பாடியில் வி.ஐ.டி. போன்ற கல்லூரிகளில் படித்துவிட்டு அமெரிக்கா போக நினைக்கும் பிள்ளைகளுக்கும் இதே கணக்கு பொருந்தும். 2024 ஜூனில் டிரம்ப் ஒரு நேர்காணலில், அமெரிக்கக் கல்லூரியில் பட்டம் வாங்கும் வெளிநாட்டு மாணவர்களுக்குப் பட்டத்தோடு கிரீன் கார்டும் கிடைக்க வேண்டும் என்றார். நம் பக்கம் அது சந்தோஷமாகப் பகிரப்பட்டது. அதற்குச் சட்டத்தைத் திருத்த வேண்டும், நாடாளுமன்றம் வழியாகத்தான் முடியும். அது வரவில்லை. வெளிநாட்டினர் குடியேற்றத்தை இறுக்குவேன் என்றும் அதே பிரசாரத்தில் சொன்னார். 2025 செப்டம்பரில் ஒரே ஒரு அறிவிப்பில் கையெழுத்திட்டு, புதிய எச்1பி வேலை விசா விண்ணப்பங்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் வைத்தார்.

அடுத்த அதிபர் தேர்தல் 2028 நவம்பர் 7. உட்கட்சித் தேர்தல் அந்த ஆண்டுத் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிடும். புது முகங்கள் வரும், புது பூஜைகளும் நடக்கலாம். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் கம்பெனி நடத்துகிறவர்களும், அங்கே வேலை செய்கிறவர்களின் சங்கங்களும், அந்த மாதங்களில் வேட்பாளர்கள் தோல் பொருள், காலணி, இறக்குமதி வரி பற்றிப் பேசுவதை வரிவரியாகத் தமிழில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள். நம் சேனல்கள் அதற்கு ஒரு நாளில் பத்து நிமிடம் ஒதுக்கினாலும் போதும். ஆர்டர் எடுக்கிறவர்கள் ஆறு மாதம் முன்னதாகவே வேறு நாட்டுச் சந்தை தேடுவதற்கு அந்தக் குறிப்பு உதவும்.